ஆறு நாள் மஞ்சட்கரு

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், கார்களுக்கு மின்கம்பிக் கற்றை கட்டும் ஆலையொன்றில் ஹேமாவதியும் சந்திரகலாவும் வேலை செய்தனர். ஆலையின் கேண்டீனில் புதனும் வெள்ளியும் ஆளுக்கோர் அவித்த முட்டை கிடைக்கும். சந்திரகலாவுக்கு மஞ்சட்கரு தொண்டையில் இறங்காது. ஹேமாவதிக்கோ அதுதான் உயிர். ஆகவே கரண்டிக் காம்பால் முட்டைகளைப் பிளந்து, வெள்ளை இரண்டையும் மூத்தவளும், மஞ்சள் இரண்டையும் இளையவளும் எடுத்துக்கொள்வர்.

“இன்னாடி, மாலை மாத்திக்கினீங்களா?” என்று எதிரில் அமரும் லைன் லீடர் முத்தம்மா தவறாமல் கேட்பாள்.

நூல்களில் மஞ்சட்கரு என்று எழுதப்படுவதை அவர்கள் ‘மஞ்ச’ என்று சுருக்கினர். ஆரம்பாக்கத்திலிருந்து வரும் தாயாரம்மாள் மட்டும் தெலுங்கில் ‘பச்சசொன’ என்பாள். நாளடைவில் ஹேமாவதிக்கே ‘மஞ்சக்கரு’ என்னும் பெயர் அமைந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை, கைகழுவும் இடத்தில் ஹேமாவதி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“எத்தினி மாசம்?” என்றாள் சந்திரகலா.

“ரெண்டுக்கா. யாருகிட்டயும் சொல்லிடாத. இன்னும் பத்தொம்போது நாளு கீது.”

விளக்கம் தேவைப்படவில்லை. இடைவெளியின்றி ஓராண்டை முடித்த ஒப்பந்தப் பெண்களையே ஆலை தன் நிரந்தரப் பட்டியலில் சேர்க்கும். கருவுற்றவளை அதற்கு முன்பே, “ஊட்ல ரெஸ்ட் எடும்மா” என்று அனுப்பிவிடுவார்கள், பிறகு அழைக்கமாட்டார்கள். சென்ற ஆண்டு சுகிர்தா அவ்வாறுதான் போனாள். விருப்பமாய் உண்டுவந்த மீன் குழம்பை அவள் ஒருநாள் ஒதுக்கியதைக் கண்டு, முத்தம்மாதான் மேலதிகாரிகளிடம் சொன்னாள்.

“மஞ்சய பாத்தாலே குமட்டுதுக்கா. நாளைக்கி முட்ட. வேணாம்னா முத்தம்மாக்கா புடிச்சிடும்.”

“நீ சும்மா இரு. நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் முட்டைகள் தட்டில் விழுந்ததும், சந்திரகலா மஞ்சள் இரண்டையும் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இன்னிலேந்து மஞ்ச எனுக்கு. ரத்தமே இல்லன்னு டாக்டரு திட்டறாரு.”

ஹேமாவதியும் விடவில்லை. “அப்போ நான் வெள்ளைய துன்னணுமா? இன்னாக்கா அநியாயம்!”

“துன்னுடி! ஒரு வருசமா என் மஞ்சய துன்னுதான் நீ இப்டி கீற!”

மேசை முழுவதும் சிரித்தது, முத்தம்மாவும் சிரித்தாள். சந்திரகலா முதல் மஞ்சளை வாயிலிட்டாள். அது மாவுபோல் மேலண்ணத்தில் ஒட்டியது. கண்ணில் நீர் கட்டியது. ரசத்தைப் பருகி அதை உள்ளே தள்ளினாள். பின்னர் இரண்டாவதையும் உண்டாள். ஹேமாவதி தலைகுனிந்து வெள்ளையை மென்றாள்.

அவ்வாறே ஆறு முட்டைநாள்கள் கழிந்தன. ஒருமுறை சந்திரகலா அவசரமாக எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பத்தொன்பது நாளும் கழிந்து, அடுத்து வந்த புதன்கிழமை, அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டப்பட்டது. ஒன்பது பெயர்களில் ஹேமாவதியின் பெயர் ஐந்தாவது. பகலுணவின்போது புதிய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து அமர்ந்தாள்.

சந்திரகலா பழக்கத்தில் மஞ்சளை எடுக்கப் போனாள். முத்தம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

“இங்க குடு. மாத்திர முழுங்கற மாரி நீ முழுங்கறத மூணு வாரமா பாத்துக்கினுதான் கீறேன்.”



“தெரிஞ்சிக்கினே சும்மா இருந்தியாக்கா?” என்றாள் ஹேமாவதி.

“சுகிர்தாவ அனுப்பிட்டு நான் துன்ன சோறு இன்னும் செரிக்கல. நாளைலேந்து நீ நிக்காத. உக்காந்து செய்யற டேபிளுக்குப் போ. சூப்பர்வைசர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

இவ்வாறு சொல்லிவிட்டு முத்தம்மா மஞ்சள் இரண்டையும் தன் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“அந்த மெளகுத்தூள இப்டி தள்ளு தாயாரு.”