மறதி நோட்டு

தபிதாவுக்கு மார்புப் புற்றுநோய் வந்து, போயும் விட்டது. கீமோவில் கொட்டிய முடிகூட முளைத்துவிட்டது. பெயர்களும் எண்களும் மட்டும் திரும்பி வருவதாக இல்லை. சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருபது வருஷம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் அவள். சீட்டைப் பார்க்கும்போதே கை சரியான டப்பாவுக்குப் போய்விடும். இப்போதோ தைராய்டு மாத்திரையை விழுங்கிய பத்தாவது நிமிஷம், விழுங்கினோமா இல்லையா என்று விழிக்கிறாள். இந்தத் தலையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போய், யாரோ பெற்ற பிள்ளைக்கு மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டால்? சாவுக்குக்கூட அவள் அவ்வளவு பயந்ததில்லை.

அதற்காகத்தான் செவ்வாய்தோறும் நாலு மணிக்குத் திருப்பதியிலிருந்து வைஜயந்தி வீடியோவில் வருவாள். மனநல நிபுணர், வயதில் சின்னவள். கீமோவுக்குப் பின் வரும் மறதியைப் பழக்கவழக்கத்தால் சமாளிக்கக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. மருந்து கிடையாது. ஒரு நோட்டுப் போட்டு, எது மறந்தது, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, அடுத்த தடவை என்ன செய்யலாம் என்று அன்றன்றைக்கே எழுத வேண்டும். வாரா வாரம் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எட்டு வாரம் முடிந்ததும், எல்லாவற்றையும் பார்த்து அவள் ஒரு கடிதம் தருவாள். அது கைக்கு வந்தால் மருந்தகத்துக்குத் திரும்பலாம்.

படம் அனுப்பும் வேலையைத் தபிதாவின் புருஷன் இஸ்ரேல் ஏற்றுக்கொண்டான். எதையும் ஏற்றுக்கொள்கிறவன்தான். சபைக் கமிட்டிச் செயலாளர் வேறு, பேச்சில் தேன் சொட்டும். போன நன்றி ஆராதனையில் எழுந்து நின்று, தன் மனைவிக்கு ஒரு குறைவும் இல்லை, தேவன் பூரண சுகம் கொடுத்தார் என்று கண்ணீரோடு சாட்சி சொன்னான். சபையே அழுதது. பக்கத்தில் தபிதா, மைக்கை நீட்டியவரின் பெயர் என்ன என்று மண்டையை உடைத்துக்கொண்டு நின்றாள்.

அன்று தொடங்கியது தொல்லை. சபைப் பெண்கள் திராட்சையும் பிஸ்கட்டுமாக வந்து உட்கார்ந்து அந்தப் பூரண சுகத்தைப் பரிசோதித்தார்கள். அவர்களில் ஞானமணி ஒருத்தி போதும், வந்த உடனே கன்னத்தைப் பிடித்துக் கிள்ளுவாள்.

"நா யாருன்னு சொல்லு பாக்கலாம்."

"ஞானமணி அக்கா."

"ஸ்தோத்திரம். பாத்தீங்களா, எல்லாத்தயும் ஞாபகம் வச்சிக்கினு கீறா."

கொண்டுவந்த திராட்சையில் பாதியைத் தானே தின்றுவிட்டுக் கிளம்புவாள். தபிதா எழுந்து போய் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள்.

ஆறாவது வாரம் வைஜயந்தி போனில் சிரித்தாள். "சாலா பாகுந்தி அம்மா, ரொம்ப நன்னா இருக்கு. போன வாரம் ரெண்டே மறதி. ஒண்ணு கண்ணாடி, ஒண்ணு சர்ச்சுல விட்டுட்டு வந்த குடை. ஆரம்பத்துல பதினஞ்சு இருந்ததே, பாருங்கோ."

குடையைப் பற்றித் தபிதா எழுதவே இல்லையே. தைராய்டு மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொண்டதையல்லவா எழுதினாள். பேச்சு முடிந்ததும் நோட்டைப் புரட்டினாள். மாத்திரை இருந்தது, குடை இல்லை.

இஸ்ரேல் அவள் தலையைத் தடவினான். "நீதாம்மா தனித் தாள்ல எழுதிக் குடுத்த. மறந்துகினு கீற. பரவால்ல."

மறந்ததை எழுதி, எழுதியதையும் மறந்தால் அதற்குப் பெயர் என்ன? இரண்டு வாரம் அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பைத்தியம் பிடிக்கிறதோ என்று நினைத்தாள். மாத்திரை டப்பாவைத் தொடவே பயந்தாள்.

எட்டாவது செவ்வாய். கடிதத்தை இன்றே அனுப்பிவிடுவதாக வைஜயந்தி சொன்னாள். தபிதா மெதுவாகக் கேட்டாள்.

"குடைன்னு எழுதி எங்க வீட்டுலருந்து வந்த படத்த ஒரு தடவ காட்றீங்களா மேடம்?"

திரையில் பக்கம் வந்தது. கோடு போட்ட தாள், ஓரத்தில் சிவப்பு மார்ஜின், எண்களைச் சுற்றி வட்டம். கமிட்டித் தீர்மானப் புத்தகத்தில் இருபது வருஷமாக அவள் பார்த்து வரும் அதே குண்டு குண்டு எழுத்து. கோபம் வரவில்லை. கீமோ நாட்களில் சோறு வேகும் வாசனைக்கு வருமே, அந்தக் குமட்டல்தான் வந்தது.

"இது என் கையெழுத்து இல்ல மேடம்."

கேமராவுக்குத் தெரியாமல் எதிரே உட்கார்ந்திருந்த இஸ்ரேல் சிரித்தபடி எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தான். "அவளுக்கு மறதி மேடம். அவளேதான் எழுதிக் குடுத்தா. பாவம், மறந்துட்டா."

கீமோ சமயத்தில் கஞ்சி ஊட்டிய கைதான். இல்லை என்று அவள் சொல்லமாட்டாள். அந்தக் கை பட்ட இடம் இப்போது கூசியது. வைஜயந்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரை நம்புவது என்று யோசிக்கிறாள். இனி எந்தச் சண்டையிலும் இவன் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், கேட்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் யோசிப்பார்கள் என்று தபிதாவுக்கு உறைத்தது. சீ என்று போயிற்று.

"அம்மா, ஏதாவது ஒரு வரி எழுதிக் காட்டுங்கோ," என்றாள் வைஜயந்தி.

தபிதா நோட்டில் எழுதிக் காட்டினாள்.

"சார், நீங்களும் ஒரு வரி."

இஸ்ரேல் கடிகாரத்தைப் பார்த்தான். "கமிட்டி மீட்டிங் கீது மேடம்." தோளிலிருந்து கை போனது. வாசல் வரை போனவன் திரும்பினான். "எல்லாம் உனக்காகத்தான் செஞ்சேன். சபையில நான் இன்னான்னு சொல்றது, சொல்லு?"

"நான் மருந்த மாத்திக் குடுத்து ஒரு கொழந்த செத்துப்போனா, அன்னிக்கு இன்னா சாட்சி சொல்வீங்க?"

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. தோளை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு தபிதா திரைக்குத் திரும்பினாள்.

"கடிதம் இப்போ தர முடியாதும்மா," என்றாள் வைஜயந்தி. "முதல் வாரத்துலேர்ந்து திரும்ப ஆரம்பிக்கணும். வேலையும் தள்ளிப் போகும்."

"தராதீங்க மேடம். ஆரம்பத்துலருந்தே பண்ணலாம். ஆனா இந்த வீட்டுல உக்காந்து போன்ல வேணாம். நானே திருப்பதிக்கு வந்துர்றேன்."

"கூட யார் வருவா?"

"யாரும் வேணாம்."

"பஸ் மாறி ஏறிட்டேள்னா?"

"ஏறினா, அதயும் எழுதிக்கினு வர்றேன்."