கறுப்பு லாட்

தங்கவேலுவுக்கு வெளிக்குப் போனால் கறுகறுவென்று தார் மாதிரி போனது. அவன் கண்டுகொள்ளவே இல்லை. அட, சாயப்பட்டறைக்காரன் இதற்கெல்லாம் மிரளுவானா? சிவப்பு ஓடினால் எச்சில் சிவப்பு, நீலம் ஓடினால் மூக்குச் சளி நீலம். இப்போது பட்டறையில் கறுப்புச் சாயத்துக்கு வந்த துணி லாட் ஓடிக்கொண்டிருந்தது. "உள்ளுக்கும் சாயம் போட்டுட்டியா மாப்ள?" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி பேசினார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

கறுப்பு முடிந்து வெள்ளை பனியன் துணி வந்தது. வெறும் பிளீச்சிங்தான். சளி வெளுத்தது, எச்சில் வெளுத்தது. கக்கூஸில் மட்டும் அதே கறுப்பு. அப்போதுதான் அவன் மிரண்டான். கொஞ்ச நாளாகப் படி ஏறினால் மூச்சு வாங்கியதும் சேர்ந்து நினைவுக்கு வந்து தொலைத்தது. மனைவி அன்புசெல்வியிடம் சொன்னான். அவள் அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, இரைப்பைச் சுவருக்குள் கட்டி இருக்கிறது, அதில் கசியும் ரத்தம்தான் கறுத்து இறங்குகிறது என்றார். ஊசி விட்டுக் கொஞ்சம் சதையும் எடுத்தார்.

"இது அபூர்வமான புத்துநோயாவும் இருக்கலாம். சதையில ஒரு சாயம் போட்டுப் பார்ப்பாங்க. பிடிச்சா அதுதான்."

"பிடிக்காட்டிங்க?"

"சாதாரணக் கட்டியா இருக்க வாய்ப்பு உண்டு."

அன்றிலிருந்து தங்கவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு லாட்டுக்கும் சாயம் பிடிக்கணும் என்று மாகாளியம்மனைக் கும்பிட்டே பழகியவன், இப்போது பிடிக்கக் கூடாது தாயே என்று கும்பிட்டான். மெஷினிலிருந்து சாயம் ஏறி வந்த துணியைத் தொடவே பயந்தான்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். "சாயம் பிடிச்சிருக்குங்க. பயப்படாதீங்க, ஆபரேசன் பண்ணலாம், இதுக்குன்னே மாத்திரையும் இருக்கு."

அவன் காதில் முதல் பேச்சு மட்டும்தான் விழுந்தது. திரையில் தெரிந்த சதையின் படத்தையே பார்த்தான். பழுப்புச் சாயம் ஓரத்துக்கு ஓரம் சீராக ஏறியிருந்தது, ஒரு திட்டு இல்லை. அவன் போட்டிருந்தால் பட்டறை மாஸ்டர் முதுகில் தட்டியிருப்பார். பாவி மனசு அப்போதும் விடவில்லை.

"ஏனுங்க டாக்டரம்மா," என்றான், "நல்லா அலசிப் பாத்தீங்களா? சிலது அலசுனாப் போயிருமுங்க."

அன்புசெல்வி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.