அறுபதுக்கு மேல்

பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் துணி சரிபார்த்துக்கொண்டு நின்றிருந்த நாகஜோதியை முதலாளி கூப்பிடுவதாகச் சொல்லி சூப்பர்வைசர் சித்ரகலா அழைத்துப் போனாள்.

முதலாளி சசிகுமார் மரியாதையாகவே பேசினான். உட்காரச் சொல்லி டீ தருவித்தான். சித்ரகலா கதவருகிலேயே நின்றாள். நாகஜோதியின் புருஷன் தவசி காலையில் கம்பெனியின் கன்டெய்னர் டிரெய்லரோடு தூத்துக்குடிக்குக் கிளம்பியிருந்தான். சரக்கு ஏற்கெனவே பிந்திவிட்டது. மாலைக்குள் துறைமுகம் சேராவிட்டால் கப்பல் போய்விடும். அதற்காகவே வண்டியின் வேகத்தைத் தடுக்கும் கருவியைச் சசிகுமார் கழற்ற வைத்திருந்தான். அப்படியும் தவசி அறுபதைத் தாண்டவில்லை. ஓட்டும்போது முதலாளியின் போனையும் எடுப்பதில்லை.

“நீங்க கூப்புட்டா எடுப்பாருங்க. கொஞ்சம் அழுத்திப் போகச் சொல்லுங்க. இல்லீன்னா நாளைக்கு ரெண்டு பேரும் வேற பக்கம் வேலை பாத்துக்கலாமுங்க.”

வேலை நேரத்தில் அவள் அழைத்ததே இல்லை. பதறிப்போய் எடுத்த தவசி, பிள்ளைக்கு என்ன என்றான். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“பின்னால அம்புட்டுப் பெரிய பெட்டி கெடக்கு. இதுக்கு மேல போனா வண்டி எஞ்சொல்லு கேக்காது, ஜோதி.”

அவள் சசிகுமாரைப் பார்த்தாள். அவன் டீயைக் குடிக்கும்படி கையைக் காட்டினான்.

“வேலை போயிரும்ங்க. போங்க” என்றாள்.

போனில் இன்ஜின் சத்தம் ஏறியது. சசிகுமார் கம்ப்யூட்டர் திரையில் வேகத்தைப் பார்த்துத் தலையாட்டினான். போனை வைக்க வேண்டாம் என்றான். அதனால் திண்டுக்கல் தாண்டி ஒரு வளைவில் பின்னாலிருந்த பெட்டி தள்ளிக் கேபின் பாலச் சுவரில் நசுங்கியதை அவள் முழுவதும் கேட்டாள்.

ஓட்டிக்கொண்டே மனைவியோடு போன் பேசியதால் விபத்து என்று போலீஸ் எழுதிக்கொண்டது. நீதான் கூப்பிட்டாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். அதற்கு மேல் கேட்க யாருக்கும் பொறுமையில்லை.

உடலை ஊருக்கு ஏற்றும்போது சசிகுமார் மாலையோடு வந்தான். தவசியின் தாய் ஒச்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. தெரியாம கூப்புட்டுருச்சுங்க.”

நாகஜோதி சித்ரகலாவைப் பார்த்தாள். அவள் கூட்டத்துக்குள் நகர்ந்துவிட்டாள்.

“இவருதான் வேகமாப் போகச் சொல்லச் சொன்னாரு அத்த” என்றாள் நாகஜோதி.

ஒச்சம்மாள் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சரி. சொன்னது யாரு?”

பதிலுக்குக் காத்திராமல் கிழவி ஆம்புலன்ஸில் ஏறி, கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டாள்.