காந்தத்துக்கு ஓடிய உமிச்சாம்பல்

தஞ்சாவூரில் பல கல்லூரிகளுக்கும் பொதுவான அந்தத் துகள் ஆய்வுக்கூடத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அரைக்கும் இயந்திரத்தில் தன் பொடியை அரைத்து எடுத்தவர், அடுத்து வருபவருக்காக, ஒட்டியிருக்கும் மிச்சம் போக, அதே ஜாடியில் வெறும் மணலைப் போட்டு ஓட்டி, கொட்டிக் கழுவி வைக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைக் கண்டிப்போடு சொல்லிக்கொடுப்பவன் மூத்த ஆய்வு மாணவன் பரிதி. சென்ற செவ்வாய்க்கிழமை அவன் இரும்பு ஆக்சைடை அரைத்துவிட்டு, கேண்டீனில் பரோட்டா தீர்ந்துவிடுமே என்று ஜாடியை ஒரு அலசு அலசிக் கவிழ்த்துவிட்டு ஓடினான். பரோட்டா தீர்ந்திருந்தது.

அடுத்து அந்த ஜாடியில் அரைத்தவள் குடவாசல் ஹாஃபிஸா. முதல் வருஷ மாணவி. அரிசி ஆலை உமியை எரித்த சாம்பலில் தண்ணீர் வடிகட்டும் பொடி செய்கிறாள். மேசையில் யாரோ வைத்திருந்த காந்தத்தில் அவள் பொடி மீசை மாதிரி ஒட்டிக்கொண்டது.

"அண்ணா, உமிச்சாம்பல் காந்தத்துக்கு ஓடுது பாருங்க."

பரிதி பார்த்தான். ஓடியது அவனுடைய இரும்பு. கடன்காரனைக் கடைத்தெருவில் கண்டவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பேராசிரியர் நெடுஞ்செழியன் டீ ஆறுவதற்குள் காரணமே கண்டுபிடித்துவிட்டார். "காவிரி வண்டல்ல இருக்கிற இரும்பும்மா. நெல்லு உறிஞ்சிருக்கு. வர்ற வாரம் சென்னைக் கருத்தரங்குல நீதான் பேசுற."

மறுநாள் ஹாஃபிஸாவின் அத்தா ஒரு டப்பா நிறைய அசோகா அல்வா கொடுத்தனுப்பினார். வேண்டாமென்றால் சந்தேகம் வருமே என்று பரிதி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். சென்னையில் விஷயம் தெரிந்த ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், மேடையில் நிற்கப்போவது இவள்.

"ஒரு தடவை திரும்பச் செஞ்சு பாத்துடேன்," என்றான்.

"மெஷின் அடுத்த மாசம் வரைக்கும் புக் ஆயிருக்கேண்ணா."

"என் முறைய எடுத்துக்க."

யாரும் இல்லாத நேரத்தில் மணலை ஓட்டி ஜாடியைப் பளபளவென்று கழுவியும் வைத்தான். முறையை விட்டுக்கொடுத்ததற்காகப் பேராசிரியர் எல்லோர் முன்னாலும், "சீனியர்னா இப்படி இருக்கணும்," என்றார். கை தட்டினார்கள். பரிதியும் பழக்கத்தில் தட்டிவிட்டான்.

புதுப்பொடி காந்தத்தைக் கண்டுகொள்ளவில்லை. ஹாஃபிஸா வெகுநேரம் காந்தத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் ஏதோ தப்புப் பண்ணிருக்கேன். அத்தா தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க. சார்ட்ட போயி என் தப்புன்னு சொல்லிடறேன்."

எழுந்து பேராசிரியர் அறைப் பக்கம் நடந்தாள். பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். பரிதி கதவுவரை பேசாமல்தான் போனான்.

"நில்லு. அது என் இரும்பு. நான் மணல் ஓட்டல."

அவள் திரும்பினாள். "கழுவாம வச்சா கைய ஒடிப்பேன்னு எனக்குச் சொன்னீங்க."

"ஆமா."

"அசோகா ரெண்டு தடவை வாங்குனீங்க."

"ஆமா."

"சார்ட்ட நீங்களே சொல்லுங்க. அத்தாட்டயும் நீங்களே சொல்லுங்க."

உள்ளே வாங்கிய திட்டு நீளம்தான் என்றாலும் தாங்கிக்கொண்டான். வெளியே வந்ததும் ஹாஃபிஸா அத்தாவின் எண்ணை அழுத்திப் போனை அவன் கையில் கொடுத்தாள்.

"யாரு, முறைய விட்டுக்குடுத்த பரிதித் தம்பியா?" என்றது மறுமுனை. "அசோகா பத்துச்சாப்பா?"