இரண்டு பழுப்பு பாட்டில்கள்

“இந்த வீட்ல ஒரு குண்டூசி இடம் மாறினாக்கூட எனக்கு மூக்கு அரிக்கும். நான் ஏழு கடல் தாண்டி இருந்தாலும் அரிக்கும்!” என்று கூடத்துக் கண்ணாடி அலமாரி சொன்னது.

சொன்னவர் அலமாரிக்கு நாலடி தள்ளி, கட்டிலில், இரண்டு மூக்குத் துவாரத்திலும் பஞ்சோடு படுத்திருந்தார்.

நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் அலறி எழுந்தார்கள். ஒருத்தர் தேநீரை மடியில் கவிழ்த்துக்கொண்டார். வாசலில் நின்ற நாய்கூட ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

“ஒண்ணுமில்ல, உக்காருங்க,” என்றார் செத்தவரின் அக்கா. எழுபத்தெட்டு வயது, கையில் தம்பியின் போன். “உயிரோட இருந்தப்பவும் இதே புளுகுதான். நாலு வயசுல கிணத்துல முதலை பிடிச்சேன்னு சொன்ன பய. இவன் வாயிலேருந்து வந்ததுல இவன் பேரைத் தவிர எதுவும் நிஜமில்ல. மூக்கு அரிக்குதாம், மூக்கு!”

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்து எதைப் பேசவைக்கலாம் என்று தேட ஆரம்பித்தார்.

கட்டிலருகே உட்கார்ந்திருந்த மனைவியின் பார்வை நாத்தனார் கையிலிருந்த போனைவிட்டு அகலவில்லை. நாத்தனாரை உட்காரவைக்க வேண்டும். எப்படி? தம்பியின் குரலைக் கேட்காதே என்று ஒரு அக்காவிடம் எந்த வாயால் சொல்வது?

செத்தவரை எல்லாரும் ஸ்டோர்கீப்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்துநாலு வருடம் ஒரு தொழிற்சாலையின் உதிரிபாகக் கிடங்கு அவர் கையில் இருந்தது. அங்கே ஒரு கோடி நட்டுகள் இருந்ததாகவும், ஒவ்வொன்றுக்கும் தான் செல்லப்பெயர் வைத்திருந்ததாகவும் அவரே சொல்வார். ஓய்வு பெற்றபின் கண்ணில் புகை படிந்தது. எழுத்தெல்லாம் எறும்பானது, பிறகு எறும்புகளும் காணாமல் போயின. மனிதர் அசரவில்லை. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை வட்டங்கள், கிடங்கில் டேக் என்பார்கள், அதில் ஒரு சுருள் வாங்கி வந்தார். சாமானில் வட்டத்தை ஒட்டி, போனில் பேசிப் பதிந்து வைத்துவிட்டால் போதும். பிறகு எப்போது அதன்மேல் போனின் முதுகைக் காட்டினாலும் அவர் பேசியது கேட்கும். உப்பு எது, சர்க்கரை எது என்று தெரிந்துகொள்ளத்தான் ஏற்பாடு. ஆனால் அந்த வாய் அதோடு நிற்குமா? அவர் டேக் ஒட்டாமல் விட்டது மனைவியையும் மழையையும்தான்.

நாத்தனார் குடையைக் கண்டுபிடித்துவிட்டார்.

“குடை. இதை விரிச்சா மழை வெக்கப்பட்டு நின்னுடும்.”

“ஆமாடா, கிழிச்சுது,” என்றார் நாத்தனார்.

“கடிகாரம். இது எங்கிட்ட மணி கேட்டுத்தான் ஓடுது.”

நாற்காலிக்காரர்களில் ரெண்டு பேர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மனைவி எழுந்தாள். கால் மரத்திருந்தது. நாத்தனார் குடையிலிருந்து கடிகாரத்துக்கும், கடிகாரத்திலிருந்து சமையலறைக்கும் நகர்ந்துகொண்டிருந்தார். சமையலறையில் மருந்து அலமாரி இருந்தது. மருந்து அலமாரியில் அந்த இரண்டு பாட்டில்கள் இருந்தன.

புதன்கிழமை இருமல் மருந்து கொட்டி அலமாரித் தட்டெல்லாம் பிசுபிசுத்தது. மாத்திரை பாட்டில்கள் இரண்டையும் மூடியோடு எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டாள். கழுவி எடுத்தபோது வெள்ளை வட்டங்கள் இரண்டும் தண்ணீரில் மிதந்தன. இரண்டும் ஒரே அளவுப் பழுப்பு பாட்டில்கள். அட்டையிலிருந்து பிய்க்க வரவில்லை என்று அவர் மாத்திரைகளை அவற்றில் கொட்டி வைத்திருந்தார். ஒன்று காலையில் போடும் இருதய மாத்திரை, ஒன்று இரவில் போடும் தூக்க மாத்திரை. வட்டங்களைத் துடைத்து, இது இதில், அது அதில் என்று ஒட்டினாள். ஒட்டிய கையோடு சந்தேகம் வந்தது. அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் ஒரு மாசத்துக்கு வருவோர் போவோரிடமெல்லாம், இவள் தன்னைக் கொல்லப் பார்த்த கதையைக் கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்வார். சரியாகத்தான் ஒட்டியிருப்போம் என்று விட்டுவிட்டாள்.

நேற்று பகல் முழுக்க அவர் நாற்காலியில் தூங்கி வழிந்தார். இன்று காலை போனைக் காட்டி, மாத்திரையை விழுங்கி, அதே நாற்காலியில் சாய்ந்தார். காபியோடு போய் உலுக்கினாள். தலை ஒருபக்கமாக விழுந்தது.

டாக்டர் வந்து பார்த்து, “இருதயம்தான்மா. தூக்கத்துலயே போயிட்டார், கஷ்டப்படல,” என்றார். தூக்கம் என்ற அந்தச் சொல் அவளுக்கு ஊசியாக இறங்கியது. அவர் எழுதிக் கொடுத்த தாளில் காரணம் ஒரே வரியில் இருந்தது. அவளுக்குத் தெரிந்த காரணம் அதில் இல்லை.

“சர்க்கரை. ஒரு ஸ்பூன்தான். ரெண்டாவதைத் தொட்டா அடுத்த ரூம்லேருந்து அவ முறைக்கிறது என் முதுகுல சுடும்.”

“இது வேணா நிஜமா இருக்கும்,” என்றார் நாத்தனார், அவளைத் திரும்பிப் பார்த்து. “என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? தண்ணி குடிச்சியா?”

“குடிச்சேன் அண்ணி.”

“பொய் சொல்லாத. இந்த வீட்ல அதுக்குன்னு ஒருத்தன் இருந்தான், அவனே போயிட்டான்.”

அடுத்தது நட்டு டப்பா. “கண்ணே வேண்டாம். கட்டைவிரலால ஒரு தடவு தடவினா, எந்த மெஷின், எந்த வருஷம், அதை முடுக்கினவன் அன்னிக்கு என்ன சாப்ட்டான் எல்லாம் சொல்லிடுவேன்.”

“தடவுவான் தடவுவான்,” என்று நாத்தனார் டப்பாவை ஒரு தட்டு தட்டினார். அவருடைய முழங்கை மருந்து அலமாரியின் கதவில் இடித்தது.

அதே நேரம் மகள் ஒரு பையோடு உள்ளே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தாலும் கைகள் வேலை கேட்டன. அலமாரியைத் திறந்து தைலம், இருமல் மருந்து, கடைசியாகப் பழுப்பு பாட்டில்கள் என்று பையில் போட ஆரம்பித்தாள்.

“என்னம்மா பண்ற?” என்றாள் தாய்.

“அப்பா மருந்து. இனிமே யாருக்கும்மா? குப்பை வண்டி வாசல்ல நிக்குது, குடுத்துட்டு வந்துடறேன். இதைப் பாத்தா எனக்குத் தாங்கல.”

பையின் வாய் முடிச்சாக இறுகியது. தாய் அதையே பார்த்தாள். இன்னும் பத்தடி. குப்பை வண்டி போய்விடும். பதினொரு மணிக்கு அவரை ஏற்றிக்கொண்டு இன்னொரு வண்டியும் போய்விடும். பிறகு இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆனால் தினமும் இந்த அலமாரிக்கு முன்னால் நின்றுதான் அவள் சமைக்க வேண்டும்.

மகள் சமையலறை வாசற்படியைத் தாண்டும்போது, “நில்லுடி,” என்றாள் தாய். “அதை இங்க வச்சுட்டு நீ அப்பாகிட்ட போய் உக்காரு.”

மகள் பையை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாத்தனார் தலையை அசைத்ததும் போய்விட்டாள்.

“என்ன விஷயம்?”

“அண்ணி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்னு நெனைக்கிறேன்.” பாட்டில், சுடுதண்ணீர், மிதந்த வட்டங்கள், எல்லாவற்றையும் நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். “இப்ப இதைக் காட்டினா தெரிஞ்சிடும். கோடு போட்டது இருதய மாத்திரைன்னு மருந்துக் கடைக்காரர் ஒரு தடவை சொன்னார். திறந்து பாக்கத்தான் காலையிலேருந்து கை வரல.”

நாத்தனார் பையின் முடிச்சை அவிழ்த்தார். ஒரு பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து, மூடியைத் திருகி, ஒரு மாத்திரையை அவள் உள்ளங்கையில் கவிழ்த்தார். நடுவில் மெல்லிய கோடு ஓடியது.

“இது இருதயம்,” என்றாள் அவள். “இதுல ஒட்டியிருக்கிற வட்டமும் அதைத்தான் சொல்லணும்.”

“நீயே காட்டு,” என்று நாத்தனார் போனை நீட்டினார்.

அத்தனை வருடத்தில் அவள் ஒரு வட்டத்தையும் பேசவைத்தது இல்லை. போனைத் தலைகீழாகப் பிடித்தாள். நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, வட்டத்தின்மேல் வைத்தார். போன் பாட்டிலின் கண்ணாடியில் டொக்கென்று தட்டியது.

“தூக்க மாத்திரை...” என்றது கணவரின் குரல்.

அவள் போனை இழுத்துக்கொள்ளப் போனாள். நாத்தனார் அவள் கையை வட்டத்தின்மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“...ன்னுதான் இது இன்னிக்குக் காலை வரைக்கும் சொல்லிச்சு. டேய் கிழவா, குழம்பாத. இன்னிக்கு புதன்கிழமை. பாட்டிலைக் கழுவிட்டு மாத்தி ஒட்டிட்டா. கட்டைவிரல் உடனே சொல்லிடுச்சு, இதுல நடுவுல கோடு இருக்கு, இன்னொண்ணு வழவழ. அதனால இனிமே இதுதான் இருதயம், காலைல ஒண்ணு. வட்டத்தை உரிச்சு ஒட்டினா கண்டுபிடிச்சுடுவா, பேச்சை மட்டும் மாத்திட்டேன்.” குரல் தாழ்ந்தது. “அவகிட்ட கேட்டுடாத. பயந்துடுவா. அப்புறம் இந்த வீட்ல தூக்க மாத்திரை அவளுக்குத்தான் வேண்டியிருக்கும்.”

பின்னால் எங்கோ பாத்திரம் உருளும் சத்தம். அதற்கும் பின்னால் அவளுடைய குரலே கேட்டது. “யாரோட பேசிட்டிருக்கீங்க?”

“உன் மாமியாரோட!”

அதோடு போன் நின்றது.

வாசலில் அவரை ஏற்றிப்போக வந்த வண்டியின் ஹாரன் ஒருமுறை அடித்தது. மகள் கூடத்திலிருந்து அம்மா என்று கூப்பிட்டாள். அவள் மாத்திரையைப் பாட்டிலுக்குள் போட்டு மூடினாள். ஈரத்தில் ஊறிய வட்டத்தின் ஓரம் ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஒட்டிக்கொண்டது. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

நாத்தனார் கதவு வழியாகக் கூடத்துக் கட்டிலை, பஞ்சு வைத்த அந்த மூக்கை, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அரிச்சிருக்குடி,” என்றார். “அந்தப் புளுகனுக்கு நிஜமாவே அரிச்சிருக்கு.”