தண்ணித்தொட்டிச் சந்தில் ஆயிரத்து நூற்றுப் பதினாறு தடவை

மாரிச்செல்வி ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஏழு சி பஸ் ரிட்டயர் ஆகிறது. டவுன் பஸ் ஒன்று ரிட்டயர் ஆனால், விழா முடிந்ததும் அது தனக்குப் பிடித்த ஒரு வீட்டுக்குப் போய் அங்கேயே இருந்துகொள்ளும். எந்த வீடு என்று முன்கூட்டிச் சொல்லாது. அதனால் அந்தப் பஸ் போகிற வழியில் உள்ள எல்லா வீட்டிலும் அன்றைக்குக் கேசரி கிண்டி வைப்பார்கள். பஸ்ஸைக் கொண்டுவந்து விட நாற்பது பேராவது வருவார்கள். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப முடியாது.

"ஏளா, யாருக்கு இம்புட்டு ரவை?" என்று கேட்டாள் மாமியார் பேச்சித்தாய். "ஆட்டோவே நுழையாத சந்துல குடியிருக்கோம். பஸ்ஸு நம்மளத் தேடி வருமாக்கும்? மேலத்தெரு மெடிக்கல்காரரு பஸ்ஸு நிக்கத் தகர செட்டே போட்டு வச்சிருக்காரு. நெய்க் கேசரியாம், முந்திரிப்பருப்பு வேற..."

முந்திரிப்பருப்பு என்ற இடத்திலேயே தூங்கிப்போனாள். கையில் டம்ளர் அப்படியே இருந்தது.

அது பாப்பாவின் தூக்கம். பாப்பாவுக்கு எட்டு மாதம். பிறந்ததில் இருந்து ஏழு சியின் கடைசி சீட்டில், பின் சக்கரத்துக்கு மேலே, அந்தக் கடகடப்பில்தான் அது தூங்கும். தொட்டில் கட்டிப் பார்த்தாயிற்று. மிக்ஸியை ஓடவிட்டுப் பக்கத்தில் படுக்கவைத்தும் பார்த்தாயிற்று. ரிட்டயர் ஆவதற்கு முன்னால் மிச்சமிருந்த பத்து நாள் லீவை பஸ் மொத்தமாக எடுத்துவிட்டது. பத்து நாளாகப் பாப்பா கண்ணை மூடவில்லை. வீட்டுக்கு வந்த தூக்கம் யாரிடமாவது போய்த்தானே ஆகவேண்டும்? பேச்சித்தாயிடம் போயிற்று. அவள் நின்றபடி தூங்கினாள், நடந்தபடி தூங்கினாள். பாப்பா இடுப்பில் இருந்து ரெண்டு கண்ணையும் உருட்டி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏழு சி இந்த வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்று மாரிச்செல்வி நினைத்தாள். நினைத்ததோடு சரி. எதையும் வாயைத் திறந்து சொல்கிற ஆள் இல்லை அவள்.

பதினோரு மணிக்கு ஏழு சியின் கண்டக்டர் ஞானதுரை வந்தார். சட்டை நனைந்திருந்தது.

"தங்கச்சி, தண்ணி கொடு. ஏழு சிக்கு மெமோ கொடுத்துட்டாங்க. ரிட்டயர் ஆகுற அன்னைக்கு!"

மாரிச்செல்வி தண்ணீர் கொடுத்தாள்.

"நாலு வருசமா, தண்ணித்தொட்டிச் சந்து முன்னால, ஸ்டாப்பே இல்லாத எடத்துல, காரணம் இல்லாம நின்னுருக்காம். ஆயிரத்து நூத்திப் பதினாறு தடவை. ஒவ்வொண்ணுக்கும் தேதி போட்டு எழுதியிருக்காங்க. நாலு மணிக்குள்ள விளக்கம் சொல்லலேன்னா சஸ்பெண்டு. சஸ்பெண்டு ஆன பஸ்ஸு வீட்டுக்குப் போக முடியாது. எடைக்குப் போட்டுருவாங்க."

"பஸ் என்ன சொல்லுது?" என்று கேட்டாள். நாலு வருஷத்தில் ஞானதுரையிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"வாயத் தொறக்க மாட்டேங்குது. ரேடியேட்டர் மூடியைத் திருகித் திருகிப் பாத்துட்டேன். இறுக்கிப் பூட்டிக்கிட்டு நிக்கி."

அவர் போன பிறகு ரவை தீய்ந்தது. மாரிச்செல்விக்குக் காரணம் தெரியும். காரணமே அவள்தான்.

கல்யாணமாகி வந்த புதிதில், பீடிக்கடைக்குப் போய் இலை வாங்கிக்கொண்டு ஏழு சியில் திரும்பினாள். சந்து முனை வந்தது. 'எறங்கணும்' என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், நிறுத்துவார்கள். எல்லோரும் அப்படித்தான் இறங்குகிறார்கள். அவளுக்குச் சத்தம் வரவில்லை. தொண்டை வரைக்கும் வந்த வார்த்தை அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பஸ் கடைசி ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. இலைக் கட்டோடு மூன்று மைல் நடந்து வந்தாள். மறுநாள் சந்து முனையில் பஸ் ரெண்டு தடவை இருமி நின்றது. டிரைவர் கீழே இறங்கிச் சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். அதற்குள் அவள் இறங்கிவிட்டாள். பஸ் உடனே கிளம்பியது. அன்றில் இருந்து அவள் ஏறிய நாளெல்லாம் அப்படித்தான். மெக்கானிக்குகள் நல்ல கிளச்சை மூன்று தடவை கழற்றி மாட்டினார்கள். பஸ் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

புது ரவையை வறுத்துக் கேசரி கிண்டித் தூக்குச்சட்டியில் அடைத்தாள். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு டிப்போவுக்கு நடந்தாள். பேச்சித்தாய் பின்னால் தூங்கிக்கொண்டே வந்தாள்.

டிப்போவில் பந்தல் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் ஏற்கெனவே ரிட்டயர் ஆன பஸ்கள் உட்கார்ந்திருந்தன. மூன்று ஏ-க்கு ஹெட்லைட்டில் புரை விழுந்திருந்ததால் அதை ஒரு மினி பஸ் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தது. மேடையில் ஏழு சி நின்றது. பதினொரு சால்வையை ஒன்றோடொன்று முடிந்து அதற்குப் போர்த்தியிருந்தார்கள். அப்படியும் பின்பக்கம் எட்டவில்லை. நெற்றியில் சந்தனம். பரிசாகக் கொடுக்க வேண்டிய சுவர்க் கடிகாரத்தை மேலாளர் திரவியம் மடியில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல், மணி மட்டும் பார்த்தார். மெடிக்கல்காரர் முதல் ஆளாக வந்து மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவரிடமும் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. அது வெள்ளி.

நாலு ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது திரவியம் எழுந்தார்.

"ஏழு சி நல்ல பஸ். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மெமோவுக்கு விளக்கம் வரவில்லை. இந்தப் பஸ்ஸுக்காக விளக்கம் சொல்ல யாராவது இருக்கிறீர்களா?"

ரெண்டாம் தடவையும் கேட்டார். ஞானதுரை தன் விசிலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு சி தரையைப் பார்த்தது. மூன்றாம் தடவை கேட்கும்போது, பாப்பா கைநீட்டிக் கடைசி ஜன்னலைக் காட்டியது.

மாரிச்செல்வி வாயைத் திறந்தாள்.

"எறங்கணும்!"

பந்தல் ஆடியது. அது அவள் குரல்தான். அவளுக்கே அன்றுதான் தெரியும். வாயை மூடப் பார்த்தாள். முடியவில்லை, ஏனென்றால் அடுத்தது வந்துவிட்டது.

"எறங்கணும்! எறங்கணும்! எறங்கணும்!"

நாலு வருஷமாகத் தொண்டையில் தேங்கியிருந்தது எல்லாம் வரிசையாக வந்தது. கிளார்க் மெமோவை எடுத்து, ஒவ்வொரு தேதிக்கு நேராகவும் ஒரு டிக் போட ஆரம்பித்தார். நடுவில் அவளுக்கு ஒரு சோடா கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். மாசமாக இருந்தபோது உள்ளவை கொஞ்சம் மூச்சு வாங்கி வந்தன. மழை நாளில் உள்ளவை தும்மலோடு வந்தன. நாலு மணிக்கு முன்னால் ஆரம்பித்த விளக்கம் என்பதால் எப்போது முடிந்தாலும் செல்லும் என்று திரவியம் சொல்லி உட்கார்ந்துகொண்டார். முடிய ஆறு மணி ஆயிற்று.

"ஒண்ணு கூட வருது சார்," என்றார் கிளார்க். "ஆயிரத்து நூத்திப் பதினேழு."

"அது மொத நாளு," என்றாள் மாரிச்செல்வி. இப்போது குரல் சாதாரணமாக வந்தது. "அன்னைக்குப் பஸ்ஸு நிக்கல. நான் மனசுக்குள்ளதான் சொன்னேன்."

திரவியத்தின் முகம் மாறியது. "பயணி இறங்கவேண்டும் என்று சொல்லியும் பஸ் நிற்கவில்லையா? அது தனி மெமோ ஆச்சே."

ஏழு சி லேசாக ஹாரன் அடித்தது. அடிபட்ட மாதிரி இருந்தது அந்தச் சத்தம்.

"மனசுல சொன்னது எப்படி சார் கேக்கும்?" என்றாள் மாரிச்செல்வி.

"அப்படின்னா மத்த ஆயிரத்து நூத்திப் பதினாறு?"

"அதெல்லாம் கேட்டுச்சுல்லா. கேட்டதுனாலதான நின்னுச்சு?"

திரவியம் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "நின்றிருக்கிறது. ஆகவே கேட்டிருக்கிறது. ஆகவே காரணம் உண்டு," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடிகாரத்தை ஏழு சியின் கண்ணாடியில் மாட்டிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசை பஸ்கள் வைப்பரை ஆட்டின.

பிறகு ஏழு சி தானாகக் கிளம்பியது. டிரம் செட் முன்னால் போக, நாற்பது பேர் பின்னால் நடந்தார்கள். மெடிக்கல்காரர் ஓடிப்போய்த் தன் தகர செட்டின் முன்னால் நின்றார். பஸ் அவருக்கு ஒரு இண்டிகேட்டர் போட்டு மரியாதை செய்துவிட்டுத் தாண்டிப் போயிற்று. தண்ணித்தொட்டிச் சந்து முனையில் ரெண்டு தடவை இருமி நின்றது.

சந்து நாலடி அகலம். எல்லோரும் பஸ்ஸைப் பார்த்தார்கள், பிறகு சந்தைப் பார்த்தார்கள். ஞானதுரை முன்னால் வந்து பஸ்ஸின் முதுகில் தட்டினார்.

"உள்ள போ, உள்ள போ. வாசல்லயே நின்னா எப்படி? உள்ள எவ்வளவு எடம் கெடக்கு பாரு. ஒருச்சாஞ்சு நில்லுய்யா, கொஞ்சம் ஒருச்சாஞ்சு..."

பதினைந்து வருஷமாக அவர் இதைச் சொல்லக் கேட்ட பஸ். தோளைக் குறுக்கி, ஒருச்சாய்ந்து, மூச்சைப் பிடித்து உள்ளே போயிற்று. மாரிச்செல்வி வீட்டுக்குள் நுழைந்து, முன்பக்கம் அடுப்படியிலும் பின்பக்கம் அறையிலுமாக நின்றது. கேசரி ஆறியிருந்தது. நாற்பது பேருக்கும் வந்தது.

மாரிச்செல்வி பாப்பாவைக் கடைசி சீட்டில் போட்டாள். பஸ் சின்னதாகக் கடகடவென்றது. பாப்பா ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கியது. அதே நிமிடம் பேச்சித்தாய் முழுசாக விழித்தாள்.

"ஏளா, நெய்க் கேசரியாம், முந்திரிப்பருப்பு வேற போட்டிருக்காராம்," என்று விட்ட இடத்தில் இருந்து சொல்லி முடித்துவிட்டு, நடுவீட்டைப் பார்த்தாள். "தெருவுல சுத்துன காலோட உள்ள வந்தா எப்படி? டயரக் கழத்தி வாசல்ல வைக்கச் சொல்லு."

பஸ் ஆறு டயரையும் கழற்றி வாசலில் ஜோடி ஜோடியாக வைத்தது.

திங்கட்கிழமை காலையில் ஞானதுரை ஒரு கவர் கொண்டுவந்தார். ஏழு சியின் இடம் காலியாக இருந்தது. ரிட்டயர் ஆன பஸ் எந்தக் குடும்பத்தில் இருக்கிறதோ, அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு அந்த வேலை. மாரிச்செல்வியின் புருஷனைக் கூப்பிட்டு உயரம் பார்த்தார்கள், போதவில்லை. பேச்சித்தாய்க்கு வயது கடந்திருந்தது. வீட்டுக்கு மட்டும் எல்லாம் சரியாக இருந்தது. ரெண்டு ஜன்னல், இடது பக்கம் வாசல், நல்ல உயரம்.

வாசலில் இருந்த ஆறு டயரும் வீட்டுக்கு அளவாக இருந்தன. மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்கு வீடு கிளம்பியது. சந்தை விட்டு வெளியே வரும்போது அதுவும் ஒருச்சாய்ந்துகொண்டது. ஏழு சி நடுவீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தது. பதினைந்து வருஷம் அந்த ரோட்டில் ஓடியும் அதற்கு வேடிக்கை பார்க்க நேரம் கிடைத்ததில்லை. பேச்சித்தாய் வாசற்படியில் நின்று, ஏறுகிறவர்களிடம் எல்லாம் காலைக் கழுவிட்டு ஏறுங்க என்றாள். ஏறியவர்கள் துணி காயப்போடும் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மாரிச்செல்வி அடுப்படியில் உட்கார்ந்து பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். வீடே பீடிக்கடை வழியாகப் போவதால் இனி இலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், அந்த நேரத்தில் பாப்பாவுக்கு ஒரு சட்டை தைக்கலாம், மிச்சத் துணி இருந்தால் ஏழு சியின் ஹெட்லைட்டுக்கு ஒரு உறையும் தைக்கலாம் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, கொடியைப் பிடித்து நின்ற கூட்டத்துக்கு நடுவில் இருந்து, வாயே அசையாமல், மஞ்சள் கயிறு மாறாத ஒரு புதுப்பெண், "அக்கா, எறங்க" என்று மனசுக்குள் சொன்னது காதில் விழுந்ததும், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்து, வீடு நிற்கிற மாதிரி வாணலியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.