விறைத்த கோட்டு

ருய்லினின் முதுகு நேராக இருந்த காலத்துப் படம் வீட்டில் ஒன்றுதான் உண்டு. அதில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. தாதுங் பக்கத்து நிலக்கரி ஊரில், பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, நீட்டிய கையில் ஆளுக்கொரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார், துப்பாக்கி சுடும் அணிக்குப் பிள்ளைகளைத் தேடி வந்த ஃபெங் கோச். மற்றதெல்லாம் அழுதது, சிரித்தது, போட்டுவிட்டு ஓடியது. இவள் நின்றாள். பெரிய மன உறுதி என்று ஒன்றும் இல்லை. விளையாட்டுப் பள்ளியில் தினமும் இறைச்சி போடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அன்றிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள். இடது இடுப்பை வெளியே தள்ளி, மேல் உடம்பைப் பின்னால் சாய்த்து, முதுகெலும்பை ஒரு பக்கம் திருகி, துப்பாக்கியின் பாரத்தை எலும்பின் மேல் இறக்கி வைக்க வேண்டும். தசை ஆடும், எலும்பு ஆடாது. அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பத்தொன்பது வயதில் ஆசியப் போட்டியில் தங்கம். சுரங்க வாசலில் அவள் முகத்தை லாரி உயரத்துக்கு வரைந்து வைத்தார்கள். பிறகு உலகக் கோப்பை. அதற்குப் பிறகு முதுகு. காலையில் கட்டிலிலிருந்து தரைக்கு உருண்டு, நாற்காலியைப் பிடித்துத்தான் எழுந்து நிற்க முடிந்தது. இப்போது அவளுக்கு இருபத்தொன்பது. சுரங்க வாசல் படத்தில் கரித்தூசி மூக்கு வரை ஏறிவிட்டது.

தேசிய விளையாட்டுக்கு மாகாணத்திலிருந்து இரண்டே பேர். அதற்கான தேர்வுச் சுற்று மாகாணத் தலைநகரான தையுவானில், உறைபனிக் காலத்தில் வந்தது. ஃபெங் கோச் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"இதுல தேறிட்டா அப்புறம் அணியிலயே உனக்குப் பயிற்சியாளர் வேலை. மேல பேசி வச்சிருக்கேன். தேறலைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. பெட்டியக் கட்டிட வேண்டியதுதான்."

"வேற என்ன தெரியும் கோச் எனக்கு? நிக்கத் தெரியும்."

"அப்ப நில்லு."

அப்பா கோங் பாவ்ஷான் முந்தின நாள் மதியம் வந்து இறங்கினார். முப்பது வருஷம் குழிக்குள் கரி வெட்டியவர். நுரையீரல் முழுக்கத் தூசி. பேசினால் நெஞ்சுக்குள் விசில் கேட்கும். மகள் சுடுவதை நேரில் பார்த்ததே இல்லை. விடுப்பு கிடைத்த காலத்தில் மகள் வெளிநாட்டில் இருந்தாள், அவள் இங்கே இருந்த காலத்தில் மூச்சு கிடைக்கவில்லை. வினிகரில் ஊறிய பூண்டு ஒரு ஜாடி கொண்டுவந்திருந்தார். அணி விடுதியில் அவள் அறையிலேயே ஒரு மடக்குக் கட்டில் போட்டுக்கொடுத்தார்கள்.

அன்று காலைதான் உபகரணச் சோதனை முடிந்திருந்தது. சுடுகிறவர்கள் போடும் கோட்டு தடித்த கித்தானும் தோலும் சேர்த்துத் தைத்தது. அது அளவுக்கு மேல் விறைப்பாக இருந்தால் பலகை வைத்துக் கட்டியதுபோல உடம்பைத் தாங்கிவிடும். அது ஏமாற்று. அதனால் ஒரு சின்ன இயந்திரத்தை அதன்மேல் வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். துணி உள்ளே அமுங்க வேண்டும். அவள் கோட்டு அமுங்கியது. முத்திரை கட்டிக் கொடுத்தார்கள். போட்டி முடிந்ததும் குலுக்கலில் எண் வருகிறவர்களை மறுபடி சோதிப்பார்கள்.

மதியம் பயிற்சி. பக்கத்துத் தடத்தில் நிங். பதினெட்டு வயது, வாய் மூடாத பெண்.

"ருய் அக்கா, உங்க கோட்டு எனக்கு முன்னாடியே பொறந்துடுச்சு போல."

"ஆமா. உன்னை மாதிரி வாயாடாது."

"நாறுதே!"

"நாறும். ஆனா நிக்கும்."

பயிற்சி முடிந்தபோது கோட்டின் உள்பக்கம் வியர்வையில் ஊறிப்போயிருந்தது. வியர்வை வெயிலுக்கு வந்ததல்ல, வலிக்கு வந்தது. அறைக்கு வந்ததும் கோட்டை நாற்காலியில் போட்டாள். வலி மாத்திரையை விழுங்கினாள். அப்பா தினைக் கஞ்சியை நீட்டியபோது பாதியோடு வைத்துவிட்டு, சாயங்காலமே கட்டையாய்த் தூங்கிப்போனாள்.

காலையில் கண்ணைத் திறந்ததும் முதலில் தெரிந்தது சன்னல். சன்னலுக்குக் கீழே வெந்நீர் ஓடும் இரும்புக் குழாய்கள். அவற்றின் மேல் கையை விரித்துக் கிடந்தது கோட்டு.

"எந்திரிச்சிட்டியா? நல்லாக் காய்ஞ்சிருக்கு பாரு" என்றார் அப்பா. "காலர்ல உப்பு வெள்ளை வெள்ளையா பூத்துக் கிடந்துச்சு. உள்ள வெளிய எல்லாம் தண்ணி போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டேன். அந்த முத்திரையத் தொடல, பயப்படாத."

அவள் தரைக்கு உருண்டு, நாற்காலியைப் பிடித்து எழுந்தாள்.

"ஈரத்தோட குழிக்குள்ள எறங்குனா குளிரு எலும்புல போயி உக்காந்துக்கும் ருய். ஷிஃப்ட் முடிஞ்சா முத வேலையா உடுப்பத்தான் பாய்லர் குழாய்ல போடுவோம். அடுத்தவன் உடுப்பு ஈரமாக் கெடந்தாலும் எடுத்துப் போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போறது."

அவள் கோட்டை எடுத்தாள். மடங்க மறுத்தது. வெள்ளாட்டுத் தோலை உப்புப் போட்டுக் காயவைத்ததுபோல முதுகுப் பக்கம் மொடமொடவென்று நின்றது. நனைத்துச் சூட்டில் காயவைத்த கித்தான் இப்படித்தான் ஆகும். விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அது. குழாய்ப் பக்கம் கோட்டைக் கொண்டுபோகாதே. அப்பாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பிசைந்தால் இளகும். கையால் கசக்கி, மடக்கி, கட்டில் விளிம்பில் அடித்தால் இளக வைத்துவிடலாம். நேரம் இருந்தது.

முதலில் போட்டுப் பார்த்தாள். பட்டைகளை இறுக்கி, பழக்க தோஷத்தில் இடுப்பைத் தள்ளி, பின்னால் சாய்ந்தாள்.

வலிக்கவில்லை.

மூன்று வருஷமாக அந்த இடத்தில் ஒரு ஆணி இறங்கும். இன்று இறங்கவில்லை. கோட்டு அவளைத் தாங்கிப் பிடித்திருந்தது. யாரோ பின்னால் நின்று இரண்டு கையாலும் முதுகை ஏந்தியதுபோல இருந்தது. அப்படியே நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

"என்ன, சரியா இருக்கா?" என்றார் அப்பா.

"இருக்குப்பா" என்றாள். கழற்றிப் பையில் வைத்தாள். மடக்காமல் வைத்தாள்.

போட்டி மண்டபத்தில் சத்தம் இருக்காது. காற்றுத் துப்பாக்கிகள் தட்டுகிற சின்ன ஓசை மட்டும். பார்வையாளர் பகுதியின் கடைசி வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். இருமல் வந்தபோதெல்லாம் துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டார். முகம் நீலமாகிக் கண்ணில் நீர் வந்தது. பக்கத்தில் இருந்தவர் வெளியே போகச் சொல்லிச் சைகை காட்டினார். அப்பா தலையாட்டி மறுத்துவிட்டு இருமலை விழுங்கினார். குண்டு எங்கே படுகிறது என்று அவருக்குத் தெரியாது. மேலே திரையில் மகளின் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் ஏறியது. ஐந்தாவது, மூன்றாவது, பிறகு முதலாவது. அங்கேயே நின்றுவிட்டது.

பத்தொன்பது வயதுக்குப் பிறகு அவள் இப்படிச் சுட்டதில்லை. குறிமுனை வட்டத்தின் நடுவில் போய் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு முறை துப்பாக்கியை இறக்கும்போதும் மனசு சொன்னது, இது நீ இல்லை என்று. அடுத்த முறை தூக்கியதும் உடம்பு சொன்னது, இருக்கட்டும். உடம்பின் பேச்சைத்தான் கேட்டாள். பதினேழு வருஷத்தில் யாரும் அதனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அறுபது குண்டும் முடிந்தது. முதலிடம். நிங் இரண்டாவது. ஃபெங் கோச் தோளில் தட்டினார். அந்தத் தட்டலில் கோட்டு டொக்கென்று மரம்போலச் சத்தம் கொடுத்தது. கோச்சின் கை அந்தரத்தில் நின்றது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

அப்போது குலுக்கலில் எண்ணைப் படித்தார்கள். அவள் எண்.

சோதனை அறையில் இயந்திரத்தை வைத்து அழுத்தினார்கள். முள் அசைந்தது. வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. மறுபடி வேறு இடத்தில் வைத்தார்கள். முதுகுப் பக்கம் இன்னும் மோசம். மூன்றாம் முறையும் வைத்துப் பார்க்கச் சொல்லி கோச் கெஞ்சினார். சோதனை செய்த பெண் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தாமலே, "ரத்து" என்றாள்.

நடைபாதைக்கு வந்ததும் கோச் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"குழாய்லயா போட்ட?"

"ஆமா கோச்."

"நீயா?"

"நான்தான்."

"நேத்துச் சேர்ந்த பிள்ளை செய்யாது இத. கிறுக்கா உனக்கு? தொட்டப்பவே தெரிஞ்சிருக்குமே!"

"தெரிஞ்சுது."

அவளை அந்த மைதானத்தில் செங்கல்லோடு நிறுத்தியவர் அவர். இடுப்பைத் தள்ளு, இன்னும் தள்ளு என்று முட்டியால் தள்ளியவரும் அவரே. முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போ" என்றார். "இனி நான் யாருகிட்டயும் போயி நிக்க முடியாது."

வாசல் பக்கம் அப்பா கைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். மறுமுனையில் பான், அவரோடு ஒரே ஷிஃப்டில் கிடந்தவர்.

"மொத ஆளுடா பான்! போர்டுல மொத பேரு எம் பொண்ணு பேரு! கொளுத்துங்கடா வெடிய!"

சுரங்க வாசலில் சரவெடி வெடிப்பது கைபேசி வழியாகப் படபடவென்று கேட்டது. அப்பா சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். மகளைக் கண்டதும் கைபேசியை அவள் காதருகே நீட்டினார்.

"கேளு ருய், கேளு!"

அவள் வாங்கி அழைப்பைத் துண்டித்தாள்.

"என்னைய எடுக்கலப்பா."

"என்ன சொல்ற? இப்பத்தான் பார்த்தேன். மொத பேரு..."

"அந்தப் பேர எடுத்துட்டாங்க. வயசும் முதுகும் பார்த்து..." அவள் தரையைப் பார்த்தாள். அதற்கு மேல் பொய் வரவில்லை.

"எவன் எடுத்தான்? சுட்டது நீ! எங்க அவன்?" அப்பா உள்ளே நடக்கத் தொடங்கினார். எதிரே நிங் வந்தாள். அழுதிருந்தாள். அவளுக்கு இடம் உறுதி, ஆனாலும் அழுதிருந்தாள்.

"அக்கா, கோட்ட யாரு நனைச்சது? நேத்து நல்லாத்தானே அமுங்குச்சு? யாராவது வேணும்னே செஞ்சாங்களா?"

அப்பா நின்றுவிட்டார். ருய்லினின் கையில் இருந்த கோட்டைப் பார்த்தார். அது மடங்காமல், கையை விரித்தபடி இருந்தது. குழிக்குள் மேல்கூரை எங்கே விரிசல் விடுகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற ஆள் அவர். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு வெகுநேரம் ஆகவில்லை.

"தண்ணி பட்டதாலயா?" என்றார்.

"அப்பா, காலையில போட்டப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன். வலிக்கல, அதனால போட்டேன். நீ ஒண்ணும் செய்யல."

"நாந்தானே நனைச்சேன்."

"கேளுப்பா, நான்..."

"நாந்தானே காயப்போட்டேன்."

கைபேசி அடித்தது. பான். அடித்து அடித்து ஓய்ந்தது.

மறுநாள் மதியம் ரயிலில் ஊருக்குப் புறப்பட்டார்கள். உட்கார முடியாமல் அவள் சன்னல் பக்கம் சாய்ந்து நின்றாள். வெளியே பனி, பனிக்குமேல் கரி. அப்பா கோட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தார். முதுகுப் பக்கம், தோள் பக்கம், மறுபடி முதுகுப் பக்கம். விரல் நுனிகளில் என்றைக்கோ ஏறிய கரி இன்னும் போகவில்லை. எதிர் இருக்கைக்காரர் வேடிக்கை பார்த்தார். அப்பா நிமிரவில்லை. இருமல் வந்தபோது மட்டும் நிறுத்தினார்.

"விடுப்பா."

அவர் விடவில்லை. ரயில் தாதுங்கை நெருங்கும்போது கோட்டைத் தூக்கி அவளிடம் நீட்டினார்.

"தொட்டுப் பாரு. எளகிடுச்சு."

தொட்டுப் பார்த்தாள். இளகியிருந்தது. எந்த இயந்திரத்திலும் அமுங்கும்.